ஹைட்ரோலாஸ்டிக் காரை வீட்டுப் பட்டறையிலேயே தூக்கி நிறுத்துவது எப்படி

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடக்கிறது. டயரில் காற்று சரியாக இருக்கிறது. ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் என்று குனிந்து பார்த்தால் ஸ்பிரிங்கே இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. மோரிஸ் 1100, ஆஸ்டின் 1100, 1964-க்குப் பிறகு சில வருஷம் வந்த மினி கார்கள், இவற்றில் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் திகைத்து நிற்கிற இடம் இதுதான். இந்த வண்டிகளைத் தாங்குவது ஹைட்ரோலாஸ்டிக் என்ற, ரப்பரும் திரவமும் சேர்ந்த சஸ்பென்ஷன். என் 1100 வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஷெட்டில் பல வருஷம் நின்றுவிட்டுப் பொள்ளாச்சிக்கு வந்து இறங்கியபோது, இடது பக்க மட்கார்டு டயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவர், "இதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு வேற வண்டி காயில் ஸ்பிரிங்க வெல்டு வெச்சர்லாமுங்க" என்றார். தயவுசெய்து அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காயில் ஸ்பிரிங்கின் பாரத்தைத் தாங்கும்படி அந்த சப்ஃபிரேம், அதாவது சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டம், செய்யப்படவில்லை. அறுபது வயதான தகட்டில் வெல்டு வைத்து அதன்மேல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது சரியல்ல. கழற்றி எறிந்த பாகங்களைத் திரும்பத் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவை கொஞ்சம் திரவமும் ஒரு கைப்பம்பும்தான்.

என்ன இருக்கிறது உள்ளே

ஹைட்ரோலாஸ்டிக்கை வடிவமைத்தவர் அலெக்ஸ் மோல்டன் என்ற பிரிட்டிஷ் என்ஜினியர். 1962 ஆகஸ்டில் வந்த மோரிஸ் 1100-தான் இது பொருத்தப்பட்ட முதல் கார். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்பிளேசர் என்ற ஒரு இரும்புக் குடுவை. அதற்குள் கூம்பு வடிவில் கெட்டியான ரப்பர். அதுதான் ஸ்பிரிங். மிச்ச இடம் முழுக்கத் திரவம். இடது முன்சக்கரக் குடுவையையும் இடது பின்சக்கரக் குடுவையையும் ஒரு குழாய் இணைக்கிறது. வலது பக்கமும் அப்படியே. இரண்டு பக்கத்துக்கும் நடுவே தொடர்பு கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு பார்க்கும்போது உதவும்.

முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அந்தக் குடுவையின் திரவம் குழாய் வழியே பின்னால் ஓடி, வண்டியின் பின்பக்கத்தையும் தூக்கிவிடுகிறது. அதனால் மூக்கு மட்டும் எகிறாமல் வண்டி மட்டமாகவே போகிறது. குடுவைக்குள்ளேயே இருக்கும் வால்வுகளைத் தாண்டித் திரவம் நெருக்கியடித்துப் போவதால் ஆட்டம் அடங்குகிறது. தனி ஷாக் அப்சார்பர் இல்லாததன் காரணம் அதுதான்.

சிட்ரோயன் டிஎஸ் காரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் என்ஜின் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணெயும் வேறு. இங்கே பம்பே கிடையாது. ஒருமுறை நிரப்பி மூடிவிட்டால், கசியாதவரை அப்படியே நிற்கும். 1973-ல் ஆஸ்டின் அலெக்ரோவோடு வந்த ஹைட்ராகேஸ் இதன் தம்பி. அதில் ரப்பருக்குப் பதிலாக நைட்ரஜன். அந்த வண்டிக்கும் திரவத்தை இதே முறையில் ஏற்றலாம், ஆனால் வாயு இறங்கிப்போன குடுவையை இந்தக் கருவிகளால் சரிசெய்ய முடியாது.

கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் டீலர்களுக்கு இதற்கென்று ஒரு தள்ளுவண்டி மிஷின் கொடுத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் இருந்தது திரவத்தைத் தள்ள ஒரு பம்பு, காற்றை உறிஞ்ச ஒரு பம்பு, இரண்டு கேஜ், ஒரு தொட்டி. பம்புக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் பீளமேட்டிலும் கணபதியிலும் கேட்டால் பம்பு வேலை தெரியாத பட்டறையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

எங்கே ஒழுகுகிறது

நிரப்புவதற்கு முன்னால் ஒழுகலைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் படுத்திருந்தால் அந்தப் பக்கக் குழாயிலோ, குடுவையிலோ, திரவம் ஏற்றுகிற வால்வின் ஊசியிலோ கசிவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் பல வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கலாம், ரப்பரும் அமுங்கியிருக்கலாம். தரையில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து ஒரு இரவு விட்டால் சொட்டு விழுந்த இடம் தெரியும். குடுவையிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் இரும்பு முனையில் சேருகிற இடமும், வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயில் சேறு தங்குகிற வளைவும்தான் அதிகம் ஒழுகும். குழாய் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும். என் வண்டியில் வால்வு ஊசி மட்டும்தான் கசிந்தது. வால்வு மூடியில் ரப்பர் வாஷர் இருந்த தடம்கூட இல்லை.

திரவம்

பழைய முறைப்படி இது ஏறக்குறைய பாதி தண்ணீர், பாதி ஆல்கஹால், அதோடு துரு பிடிக்காமலிருக்க நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மருந்து. ஸ்பிரிட் வாங்க நம் மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டும், தீப்பற்றும் பொருள் வேறு. அதன் பின்னால் அலையாதீர்கள். நல்ல எத்திலீன் கிளைக்கால் கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்தால் போதும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் அதைத்தான் ஊற்றுகிறார்கள். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலண்ட் என்றால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது.

"நம்மூர்ல என்னங்க உறையவா போகுது, பச்சத் தண்ணியே ஊத்தலாமே" என்று கேட்பார்கள். ஊட்டியில் மார்கழிப் பனி உறைவதை விட்டால் குளிர் நமக்குப் பிரச்சினை இல்லைதான். கூலண்ட்டில் நமக்கு வேண்டியது அதிலுள்ள துரு தடுப்பு மருந்து. வெறும் தண்ணீர் இரும்புக் குடுவையை உள்ளிருந்தே தின்றுவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் வால்வு ஓட்டைகளில் உப்புப் படிந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும் இதற்கு வேண்டாம். எந்த எண்ணெயும் கூடவே கூடாது. ஹைட்ராலிக் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப்போய்விடும், அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு வைத்தியமே இல்லை.

கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். சிந்தியதை நாய் நக்கும், ஆடு மாடு வாய் வைக்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இதை மறந்துவிடவே கூடாது. வடித்ததை மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கருவி செய்வது

பம்பு: கட்டட வேலையில் பைப்லைன் சோதிக்கக் கைப்பிடி வைத்த ஒரு டெஸ்டிங் பம்பு வைத்திருப்பார்கள். கீழே தகரத் தொட்டி, மேலே நெம்புகோல். அது சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் வரை தள்ளும். இனி கிலோ என்று சொல்வதெல்லாம் இந்த அழுத்தக் கணக்குதான். நமக்கு வேண்டியதோ மோரிஸ் 1100-க்கு 200 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி, அதாவது 14 கிலோ சொச்சம். மினிக்கு 260-லிருந்து 300-க்குள், அதாவது 18 முதல் 21 கிலோ. உங்கள் வண்டியின் சரியான எண்ணை அதன் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள், வருஷத்துக்கு வருஷம் மாறும். வாடகைக்கும் கிடைக்கிற பம்புதான், ஆனால் வாடகைப் பம்பில் மணலும் துருவும் இருக்கும். நான் பழையது ஒன்றை வாங்கிப் பிரித்து, ஓ-ரிங் மாற்றி, இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். கொஞ்சம் ஏற்றினால் போதும் என்பவர்கள் புதிய கிரீஸ் கன்னில் கிரீஸ் போடாமல் இந்தத் திரவத்தை நிரப்பியும் தள்ளலாம். ஒரு அடிக்கு மிகக் கொஞ்சம்தான் போகும், கை வலிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

ஏர் கம்ப்ரஸரை மட்டும் இதற்குக் கொண்டுவராதீர்கள். அழுத்தப்பட்ட திரவம் எங்காவது விட்டுக்கொடுத்தால் ஒரு பீச்சோடு அடங்கிவிடும். அழுத்தப்பட்ட காற்று வெடிக்கும்.

ஹோஸ்: பவர் ஸ்பிரேயர் ஹோஸில் கிளிப் மாட்டி ஓட்ட நினைக்காதீர்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கும், எல்லா ஊரிலும் ஜேசிபி வண்டிகளுக்கும் ஹோஸ் கிரிம்ப் செய்து தரும் கடைகள் இருக்கின்றன. கால் இஞ்ச் ஹைட்ராலிக் ஹோஸ், இரண்டு மீட்டர், இரண்டு முனையும் கிரிம்ப் செய்தது. நமக்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்கு தாங்கும். நான் போன கடையில் பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, இது காருக்குங்களா, போர் வண்டிக்குங்களா?" காருக்கு என்றதும் வேலையை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார்.

கேஜ்: 0 முதல் 40 கிலோ வரை உள்ளது வாங்குங்கள். முள் நடுப்பகுதியில் நிற்கும்போதுதான் படிப்பது நம்பகமாக இருக்கும். 100 கிலோ கேஜில் 14-க்கும் 15-க்கும் வித்தியாசம் தெரியாது.

அடாப்டர்: இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வண்டியின் பின்புறம் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வால்வுகள் இருக்கும். டியூப் வால்வு போலவே நடுவில் ஊசி. ஆனால் இங்கே நிற்கும் அழுத்தம் டயரைப் போல ஏழெட்டு மடங்கு. பஞ்சர் கடையில் அழுத்திப் பிடிக்கும் முனை நிற்காது. மரை போட்டு இறுக்கித்தான் ஆகவேண்டும். வால்வு மூடியைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அதே மரையை ஒரு பித்தளை அறுகோணக் கம்பியில் உள்மரையாகப் போடச் சொல்லுங்கள். நடுவில், வால்வு ஊசியை அழுத்த ஒரு சிறு பின். அடியில் ஒரு ரப்பர் வாஷர். பின்னைச் சுற்றித் திரவம் போக வழி.

பின்னின் நீளத்தில் அவசரப்படாதீர்கள். அடாப்டரைத் திருகும்போது முதலில் வாஷர் உட்கார்ந்து அடைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு இன்னும் ஒரு சுற்று திருகினால்தான் பின் ஊசியைத் தொடவேண்டும். அப்படி இருந்தால் கழற்றும்போது முதலில் ஊசி மூடிக்கொள்ளும், பிறகு வாஷர் விடும். ஒரு சொட்டுதான் வெளியே வரும். நான் முதலில் செய்தது தலைகீழ். அந்தப் பின்னின் நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது. கழற்றும்போது வாஷர் விட்ட பிறகும் ஊசி திறந்தே இருந்ததால் திரவம் பீச்சி முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், கண் பிழைத்தது. அன்றைக்கு ஏற்றிய உயரமும் போய்விட்டது. வெர்னியர் வைத்து மூடியின் ஆழத்தை அளந்துகொண்டு, பின்னை முதலில் குட்டையாகவே வைத்து, வாஷர் கனத்தை மாற்றி மாற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பு, கேஜ், ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடித் திறப்பது), ஹோஸ், அடாப்டர் என்ற வரிசையில் பூட்டுங்கள். பால் வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவே ஒரு டீ, அதாவது மூன்று வழி இணைப்பு, வைத்து மூடித் திறக்கிற சிறிய வடிகால் குழாய். எல்லா மரையிலும் டெஃப்லான் டேப். முனையை ஒரு பிளக் போட்டு அடைத்து, தண்ணீர் நிரப்பி 30 கிலோ வரை அடித்துப் பத்து நிமிஷம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால்தான் வண்டிப் பக்கம் போகலாம். சோதித்த பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, கலந்து வைத்த திரவத்தால் ஒருமுறை அலசுங்கள்.

வண்டி அசைவதை மறக்காதீர்கள்

பம்பு அடித்தால் வண்டி எழும், வால்வைத் திறந்தால் சட்டென்று உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி, ஹாலோ பிளாக்கை அடுக்கிவைத்து அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. நான்கு சக்கரமும் மட்டமான தரையில் இருக்கட்டும். முன்சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வையுங்கள், எழும்போது சக்கரம் சற்று உருள வேண்டியிருக்கும். வால்வைத் தொட எவ்வளவு எட்ட வேண்டுமோ அவ்வளவுதான் கை உள்ளே போகவேண்டும். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் குழி இருந்தால் ஒரு காலை நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதைப்போல வசதி வேறில்லை. சித்திரை வெயிலில் நடுப்பகலில் செய்யாதீர்கள். சூட்டில் திரவம் விரியும், அளவு மாறும். விடிகாலை நிழலில் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் வரும்.

நிரப்புவது

முதலில் உயரத்தை அளந்து எழுதுங்கள். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு மூலையும். டயரில் சரியான காற்று இருக்கவேண்டும், டிக்கியில் பாரம் கூடாது.

அடாப்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன் பம்பை அடித்து, முனையில் குமிழி இல்லாமல் திரவம் வழியும்வரை விடுங்கள். ஹோஸில் இருக்கும் காற்று உள்ளே போய்விட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. வழிந்துகொண்டிருக்கும்போதே வால்வில் வைத்துத் திருகுங்கள். வாஷர் அடைத்ததும் பால் வால்வைத் திறந்து வைத்து, புத்தகத்தில் சொன்ன அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழேவரை பம்பு அடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே கடைசிச் சுற்றை இறுக்கி ஊசியைத் திறக்க வேண்டும். இப்போது கேஜ் காட்டுவது உள்ளே உண்மையில் இருக்கும் அழுத்தம். அதை எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியின் படுத்த பக்கத்தில் முள் ஏறக்குறைய கீழேயே நின்றது.

இனி மெதுவாக அடியுங்கள். பத்து அடி, நிறுத்தம், உயரம் பார்ப்பது. ஒரு பக்கத்தை முழுக்க ஏற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். பாதி ஏற்றி, கழற்றி, மறுபக்கம் பாதி ஏற்றி, பிறகு முதல் பக்கம் திரும்புங்கள். ஒரு பக்கம் உயர்ந்தால் பாரம் மறுபக்கம் சாய்ந்து கேஜ் கணக்கைக் குழப்பும். உள்ளே போகும் திரவம் மிகக் கொஞ்சம். எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு டம்ளர் அளவுதான் போனது. ஆனால் வண்டி இரண்டு விரற்கடை எழுந்தது. மட்கார்டு டயரை விட்டு மேலே போவதை என் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

குறித்த அழுத்தம் வந்த பிறகும் உயரம் வராமலிருக்கலாம். பல வருஷம் படுத்திருந்த புஷ்களும் ரப்பரும் இறுகியிருக்கும். அழுத்தத்தைக் கூடுதலாக 2 கிலோ ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். நான்கு மூலையிலும் கை வைத்து அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒரு சுற்று உருட்டிவிட்டு வாருங்கள். பிறகு வடிகாலைக் கொஞ்சம் திறந்து சரியான அளவுக்கு இறக்குங்கள். அழுத்தம் சரி, உயரம் மட்டும் கால் இஞ்ச் குறைகிறது என்றால் அப்படியே விடலாம். உயரத்துக்காக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது ஹோஸுக்கு நல்லதல்ல. இடது வலது வித்தியாசம் தெரியாமல் நின்றால் போதும்.

முன் மூலையை அமுக்கினால் அதே பக்கப் பின் மூலை எழவேண்டும். எழுந்தால் திரவம் நன்றாக ஓடுகிறது. பம்பு அடிக்க அடிக்க முள் ஏறாமல் போவதும், வண்டி பஞ்சுபோல ஆடுவதும் உள்ளே காற்று இருப்பதன் அடையாளம்.

காற்றை எடுப்பது

குடுவையோ குழாயோ மாற்றியிருந்தால் இது கட்டாயம். திரவத்தை முதலில் வடிக்க வேண்டும். அடாப்டரை மாட்டி வடிகால் வழியே கேனில் விடுங்கள், வண்டி ரப்பர் முட்டுகள்மேல் உட்கார்ந்துவிடும், யாரும் அடியில் இருக்கக் கூடாது. வெறுமையான பிறகு வால்வு ஊசியைக் கழற்றிவிடலாம்.

காற்றை உறிஞ்ச ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்பு நல்லது. பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கமும் உதவும். பம்புக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கெட்டியான இரும்புக் குடுவை வைத்து, வரும் திரவம் அதில் விழும்படி செய்யுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் நசுங்கும், கண்ணாடி பாட்டில் உடைந்து தெறிக்கும். டீயில் இரண்டு பால் வால்வு இருக்கவேண்டும். ஒன்று வேக்குவத்துக்கு, மற்றது திரவப் பம்புக்கு.

பழைய முறை 27 இஞ்ச் பாதரச அளவு உறிஞ்சச் சொல்கிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். இங்கே காற்றின் முழு அழுத்தமே ஏறக்குறைய 28 அரை இஞ்ச்தான். அதனால் 27 வந்தால் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தம். வால்பாறையில் கேஜ் 26-ஐத் தாண்டுவதே கஷ்டம், ஊட்டியில் 23-ஐ எட்டுவதே பெரிது. கேஜ் கெட்டுவிட்டது என்று அங்கே யாரும் மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று, இவ்வளவு வெறுமையில் தண்ணீர் நம்மூர் வெயில் சூட்டிலேயே கொதிக்கும். உள்ளே மிச்சத் திரவம் இருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், முள் மேற்கொண்டு ஏறாமல் நின்று அடம்பிடிக்கும். பொறுமையாக ஓடவிடுங்கள், அல்லது திரும்ப ஒருமுறை வடியுங்கள்.

முள் நின்றதும் வேக்குவம் வால்வை மூடிக் கால் மணி நேரம் பாருங்கள். இறங்கினால் எங்கோ காற்று நுழைகிறது, திரவம் ஊற்றுவதற்கு முன்னமே ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இறங்காவிட்டால் திரவ வால்வை மெல்லத் திறங்கள். தொட்டியிலிருந்து திரவம் தானே உள்ளே இழுபடும். தொட்டி காலியாகிக் காற்றை இழுத்துவிடாமல் ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இழுப்பு நின்றதும் 2 கிலோ அளவுக்கு மட்டும் பம்பு அடித்துவிட்டு, அடாப்டரைக் கழற்றி வால்வு ஊசியைச் சட்டென்று போட்டு இறுக்குங்கள். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை. அதற்குப் பிறகு மேலே சொன்னபடி ஏற்றலாம்.

முடித்த பிறகு

வால்வைத் துணியால் துடைத்துவிட்டுச் சொட்டு வருகிறதா பாருங்கள். ரப்பர் வாஷர் வைத்த உலோக மூடி போடுங்கள், பிளாஸ்டிக் மூடி வேண்டாம். ஒரு இரவு விட்டுக் காலையில் அதே நான்கு இடத்தையும் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லி இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஒரு பக்கம் அரை இஞ்ச் போயிருந்தால் அட்டைப்பெட்டியை மறுபடி விரிக்க வேண்டியதுதான். வழியில் எப்போதாவது முழுக்க இறங்கிவிட்டாலும் பயப்படாதீர்கள். ரப்பர் முட்டுகள்மேல் உட்கார்ந்தபடியே தார் ரோட்டில் மெதுவாக, மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழே, வீடு வந்து சேரலாம். சக்கரம் மட்கார்டில் உரசுகிறதா என்று மட்டும் இறங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி மூன்று பொங்கலாக அதே உயரத்தில் நிற்கிறது. நான்கு மூலை அளவையும் தேதி போட்டு ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். ஆனைமலை ரோட்டில் வேகத்தடை வரும்போது முன்சக்கரம் ஏறுவதும், சத்தமில்லாமல் பின்பக்கம் எழுந்து வண்டி மட்டமாக மிதந்து போவதும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.